ரிவர்ஸ் எடுக்காத மாமா

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வரும்.

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு எதிர்வீடு. கட்டடமே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். கீழ்வீட்டு மராத்திக்காரர்கள் உட்பட. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை டிராயரும், கழுத்தில் வார் போட்டுத் தொங்கும் ரிமோட்டுமாகப் பக்கத்து மனைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே எங்கள் கட்டடத்தைப் போலவே ஒரு கட்டடம் இருந்து, இடித்து, புதிதாகக் கட்டாமலே விட்ட இடிபாட்டு மேடு கிடந்தது. அதன் மேல் அவருடைய வண்டி ஏறும்.

ஒரு முழ நீளம் இருக்கும் வண்டி. விர்ரென்று ஓடுகிற பொம்மைக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குக் கிராலர் என்று பெயர். கல், பாறை, உடைந்த சுவர் எதன் மேலும் நத்தை மாதிரி தொற்றி ஏறும். ஒரு கல்லின் மேல் ஏற அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "இதுல என்ன மாமா இருக்கு? நானே தூக்கி அந்தப் பக்கம் வச்சிருவேன்லா?"

"வைப்பே. அப்புறம் வண்டிக்கு என்ன வேலை?" என்றார், தலையைத் திருப்பாமல்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் கிராலருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாமிதான் கேட்டுக்கொண்டாள். "நீ சித்த கூடப் போய் நில்லுடீம்மா. கண்ணு வண்டி மேலயே இருக்கும். கம்பி ஏதாவது கால்ல குத்திக்கப் போறார்." மாமிக்கு முட்டி போய்விட்டது; படியிறங்குவது கஷ்டம். அவளுக்குப் பதிலாகக் காவலுக்குப் போய் நின்றவள், இரண்டு மாதத்தில் பழைய வண்டி ஒன்றை நானே வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மேட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அணுசக்தி நகரிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். எங்கள் சொசைட்டி செக்ரட்டரி வருவார். அவரும் தமிழ்தான், ஆனால் இந்திதான் முதலில் வாயில் வரும். இரண்டு குச்சியை நட்டு வாசல் மாதிரி வைத்து, அதன் நடுவே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். போட்டி என்றால், ரிவர்ஸ் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் புள்ளி போகும். போனால் போகிறது என்று நாங்கள் எல்லோரும் எடுப்போம். மாமா எடுக்க மாட்டார். புள்ளிக்காக இல்லை. போட்டியே இல்லாத நாளிலும், தனியாக நிற்கும்போதும் எடுக்க மாட்டார்.

அவர் ஆளே அப்படி. ஒருநாள் ரயிலில் தூங்கிப்போய் செம்பூரைத் தாண்டிவிட்டார். கோவண்டியில் விழித்து இறங்கியவர், எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய் ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்திருக்கலாம். வெயிலில் வெளியே வந்து, ஏதேதோ சந்துகளைச் சுற்றி நடந்தே வீடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"எதிர் வண்டில ஏறி வரப்படாதோ?" என்று மாமி மோர் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"வந்த வழியிலேயே திரும்பிப் போறதுக்கு நான் என்ன ஷட்டில் வண்டியா?"

மாதுங்காவில் ஒரு ஓட்டல். மாமிக்கு அங்கே ரசவடை என்றால் உயிர். ஒருநாள் சாம்பாரில் தண்ணீர் விட்டிருக்கிறான் என்று சண்டை போட்டுவிட்டு, "இனிமே இந்தப் படியை மிதிக்கமாட்டேன்" என்று கல்லாவில் இருந்தவரிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும், மாமிக்கு முட்டி ஒத்துழைத்தவரை, மாதாமாதம் அவளை அங்கே அழைத்துப் போனார். அவள் உள்ளே போய்த் தனியாகச் சாப்பிடுவாள். இவர் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு பூக்காரிகளுக்கு நடுவே பிளாட்பாரத்தில் நிற்பார். வாசலில் இருந்தபடியே, "இன்னொரு பிளேட் சொல்லிக்கோ" என்று குரல் வேறு கொடுப்பார். மாமி சிரித்துக்கொண்டே இதைச் சொல்வாள். "அவருக்குக் கோவம் சாம்பார் மேலதான். என் மேல இல்லை, பாத்துக்கோ." எனக்குச் சிரிப்பு வரும்; கூடவே ஒரு பயமும் வரும்.

ரிவர்ஸ் எடுக்காமல் பாறை நடுவில் வண்டியை எப்படித் திருப்புவது? அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. எங்களுக்குள் அதை 'டிக்' என்போம், இங்கிலீஷில் தோண்டுவது. மாமாவின் உயிர் அதில்தான் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, கியர்பாக்ஸைப் பிரித்து வைத்து எனக்குக் காட்டினார். "கிரீசும் சாம்பாரும் ஒரே மேஜையிலயா?" என்று மாமி அடுக்களையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். வண்டியின் நடுவில் மோட்டார், அதை ஒட்டிக் கியர்பாக்ஸ். அதிலிருந்து முன் அச்சுக்கு ஒரு தண்டு, பின் அச்சுக்கு ஒரு தண்டு. பின் தண்டு கிளம்புகிற இடத்தில் பல் வைத்த ஒரு சின்ன வளையம், கவட்டை போன்ற ஒரு கம்பியின் பிடியில் இருக்கிறது. ரிமோட்டில் ஸ்விட்சைத் தள்ளினால் ஒரு குட்டி மோட்டார் அந்தக் கவட்டையை நகர்த்தும். வளையம் சறுக்கி நகரும். ஒரு நிலையில் வளையம் கியரைக் கவ்வியிருக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நடு நிலையில் எதையும் கவ்வாது. பின் சக்கரம் இரண்டும் சும்மா உருளும், முன் சக்கரங்கள் மட்டும் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது நிலையில் வளையம் பெட்டியோடு அசையாமல் இருக்கிற பற்களைக் கவ்விக்கொள்ளும். பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும்.

"இப்போ ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு, மெதுவா முன்னால மட்டும் இழுக்கவிடு" என்றார். "பின்னால பூட்டியிருக்கு. எங்கே போகும்? இருந்த இடத்துலயே சுத்தும். மூக்கு மட்டும் திரும்பும். ஒரு அங்குலம்கூடப் பின்னால வரவேண்டாம்."

அவர் வண்டி அப்படித் திரும்புவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முன் சக்கரங்கள் கல்லைப் பிராண்டும். பின்பக்கம் ஆணி அடித்தது போல நிற்கும். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியின் பக்கம் திரும்பும்.

இதில் இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சைப் போட்டால் வளையம் நகராது. பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். வேகத்தை விட்டுவிட்டு, வண்டியைத் துளி அசைத்தால்தான் விடும். இரண்டாவது, திரும்பி முடித்ததும் ஸ்விட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே ஏற்றினால், பூட்டிய பின்பக்கத்தை முன்பக்கம் ஒண்டியாக இழுக்கும். முன் கியர் பல்லெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். கிராலர் ஓட்டுகிற எல்லோருமே இந்தத் தப்பை ஒருநாள் செய்வோம். மாமா மட்டும் செய்ததில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் கட்டடத்துக்கும் ரீடெவலப்மெண்ட் பேச்சு வந்தது. பில்டர் இடித்துவிட்டு, லிஃப்ட் வைத்து உயரமாகக் கட்டிக் கொடுப்பான். சின்ன சொசைட்டி என்பதால், பின்னால் ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாலும் தலைவலி என்று எல்லார் கையெழுத்தும் கேட்டான். மீட்டிங்கில் மாமா எழுந்து நின்றார். ஜன்னல் வழியாகப் பக்கத்து மேட்டைக் காட்டினார்.

"அது யாரோட அடுக்களைன்னு தெரியுமா? போன வாரம் என் வண்டிச் சக்கரத்துல மாட்டி மஞ்சள் கறை படிஞ்ச டைல்ஸ் வந்தது. அவாளும் லிஃப்ட் வரும்னுதான் போனா. இன்னிக்கு வரைக்கும் வாடகை வீட்டுல இருக்கா. என் கையெழுத்து விழாது."

அன்றைக்கு அவர் சொன்னதில் தப்பே இல்லை. மற்றவர்களும் பயந்துதான் போயிருந்தார்கள். ஆனால் பில்டர் போனான், வேறு பில்டர் வந்தான். வக்கீலை வைத்துப் பேசி, பாங்க் உத்தரவாதம் வாங்கி, செக்ரட்டரி ஓடியோடி எல்லாவற்றையும் சரி செய்தார். ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள். நாங்களும் போட்டோம். மாமா மட்டும் பாக்கி. காகிதங்களை வரி விடாமல் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று என்னிடமே சொன்னார். "அப்போ போடுங்களேன் மாமா" என்றால், "விழாதுன்னு சொல்லியாச்சே" என்பார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

இதற்குள் மாமி கீழே இறங்குவதே நின்றுபோயிருந்தது. ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். காய்காரன் போடுவதுதான் காய். பூக்காரி கிள்ளி வைப்பதுதான் பூ. கோயில் மணி கேட்கும், அதோடு சரி. இந்தக் கையெழுத்தைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். "எனக்குப் பெரிசா ஒண்ணும் ஆசை இல்லைடீ. கீழே போய், நாலு கத்திரிக்காயை நானே அமுக்கிப் பாத்து வாங்கணும். அவ்வளவுதான்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "திங்கட்கிழமை போட்டுடறேன்னார்டீ! நான் கேக்கவே இல்லை. அவராவே சொன்னார். என் காலைப் பிடிச்சு விட்டுண்டே இருந்தார், திடீர்னு சொன்னார்." ஜன்னலில் குனிந்து, "நான் சீக்கிரம் கீழே வந்துருவேன்" என்று பூக்காரியிடமும் கத்திச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றாள், நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. மேட்டில் எல்லோரும் இருந்தோம். மாமாவின் முறை. உடைந்த தூண் ஒன்றின் மேல் வண்டி நின்றது. குச்சிகள் வலதுபுறம். பின்பக்கத்தைப் பூட்டினார், மூக்கைத் திருப்பினார், கச்சிதமாக வந்து நின்றது. அவருடைய மனசு அன்றைக்கு எங்கே இருந்ததோ. ஸ்விட்சைத் திருப்பிப் போட மறந்துவிட்டார். அப்படியே ஏற்றினார். வண்டி முக்கியது. பின் டயர்கள் காங்கிரீட்டில் உரசிக்கொண்டு நின்றன. கறகறவென்று ஒரு சத்தம் வந்து முன் சக்கரம் நின்றுபோனது. மாமாவா இந்தத் தப்பைச் செய்தது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

செக்ரட்டரிதான் ஆரம்பித்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அலைந்து அலைந்து நொந்துபோயிருந்தார். "அரே மாமா! க்யா ஹோ கயா? என்ன ஆச்சு? பின்னாடி லாக் பண்ணிட்டு முன்னாடி இழுத்தா கியர் எப்படி நிக்கும்? நம்ம பில்டிங்லயும் இதே ப்ராப்ளம்தானே! பூரா சொசைட்டி முன்னாடி இழுக்குது, பின்னாடி ஒரே ஒரு ஆள் லாக்!"

அணுசக்தி நகர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செக்ரட்டரிக்குத் தெரியாது, ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று.

மாமா ஸ்விட்சைத் தள்ளிப் பின்பக்கத்தை விடுவித்தார். முன் சக்கரம் செத்துப்போன வண்டியைப் பின் சக்கரத்தால் மட்டும் நெட்டித் தள்ளித் தள்ளி, குச்சிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கு வெகு நேரம் ஆனது. சிரித்தவர்களெல்லாம் அடங்கிப்போனார்கள். குனிந்து வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு செக்ரட்டரியிடம் வந்தார்.

"என் கையெழுத்துக்காக யாரும் காத்துண்டிருக்க வேண்டாம்" என்றார்.

நான் அவர் பின்னாலேயே படியேறி ஓடினேன். "மாமா, அவர் விளையாட்டுக்குச் சொன்னதுக்கு மாமியை ஏன் தண்டிக்கீங்க?" என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தார். மாமி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த வண்டியைப் பார்த்தாள். "காபி கலக்கட்டுமா?" என்றாள். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். இன்றும் அந்தப் படிக்கட்டை நினைத்தால் அந்த வெறுப்பு அப்படியே வருகிறது.

அடுத்த மழையில் மாமிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் காலை ரொம்ப மோசமாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேராகக் கீழே இறக்கினார்கள். கிளம்பும்போது, "என் செருப்பு எங்கேடீ? கீழே போறேனோல்லியோ" என்றாள். நான் எடுத்து மாட்டிவிட்டேன். நாற்காலியிலிருந்து ஆம்புலன்சுக்குத் தூக்கி வைத்தார்கள். அவள் கால் தரையில் படவே இல்லை.

இதயம் பலவீனம், மாடிப்படி கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில். நாற்காலியில் தூக்கி ஏற்றுவதும் ஆபத்தாம். சுனாபட்டியில் அவளுடைய தம்பி வீடு தரைத்தளம். அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மாமா மட்டும் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். தினமும் மத்தியானம் சுனாபட்டிக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்புவார்.

மாமி அங்கே நிம்மதியாக இல்லை. தம்பியும் தம்பி மனைவியும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அது அடுத்தவர் வீடு. "என் ஆத்துக்குப் போகணும்டீ" என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கேட்கவும் ஆரம்பித்தாள். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும், விளையாட்டுப் போல, "என்ன, போட்டேளா?" என்பாள். "போடமாட்டேன்" என்பார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரிப்பாள். லிஃப்டில் கண்ணாடி இருக்குமா, உள்ளே உட்கார ஸ்டூல் போடுவார்களா என்று என்னிடம் விசாரிப்பாள். அவர் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் போடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் நான் செக்ரட்டரி வீட்டில் மெயின்டெனன்ஸ் விஷயமாக உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார். சட்டைப்பையில் பேனா. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"குடு. போடறேன்" என்றார்.

செக்ரட்டரி எழுந்து நின்றுவிட்டார். "மாமா... பில்டர் போயிட்டான், மாமா. எவ்வளவு நாள் வெயிட் பண்ணுவான்? அடுத்த சந்துல வேற சொசைட்டிக்கு சைன் பண்ணிட்டான். நான் வேற ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். பக்கத்து மேடு இப்போ கோர்ட்ல இருக்காம், அந்தக் கேஸ் முடியாம யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்களாம்." அவர் குரல் கெஞ்சியது. "அன்னிக்கு நான் பேசினதுக்கு மாஃப் பண்ணுங்க மாமா."

மாமா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நான் வந்ததை அவகிட்ட யாரும் சொல்லப்படாது."

அன்று மத்தியானம் அவரோடு நானும் சுனாபட்டிக்குப் போனேன். தனியாக விட மனசு வரவில்லை. அவர் உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினார்.

"என்ன, போட்டேளா?" என்றாள் மாமி.

"போடமாட்டேன்" என்றார் மாமா. "என்ன பண்ணுவே?"

"பாக்கலாம். எத்தனை நாள் தாங்கறேள்னு நானும் பாக்கறேன்" என்று மாமி சிரித்தாள். முதல் வேலையாகக் கீழே இறங்கிப் பூக்காரியிடம் சண்டை போடப் போவதாகச் சொன்னாள். இத்தனை நாளும் கூடையில் வாடின பூவாகவே வைத்திருக்கிறாளாம்.

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாமா இப்படிச் சொல்லுதீங்க? நீங்க அவங்களுக்காக இறங்கிப் போனதாவது அவங்களுக்குத் தெரியட்டுமே! உங்களைக் கல்லுன்னு நினைச்சிட்டு இருக்காங்க."

"போனேன்னு சொன்னா, என்னாச்சுன்னு கேப்பா" என்றார். சாலையில் வண்டிகளின் இரைச்சல். குரல் சரியாகக் கேட்கவில்லை. கிட்டத்தில் போய் நின்றேன். "நான் மாட்டேன்னு சொல்ற வரைக்கும்தான் அவளுக்கு லிஃப்ட் இருக்கு."

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். அவள் கேட்பாள், அவர் மாட்டேன் என்பார். சில நாள் வீம்பாக, சில நாள் கோபமாக, அவள் சிரிக்கிற மாதிரி சொல்வார். நான் கூட இருந்த நாட்களில் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விடுவேன். கடைசியாக நான் பார்த்தபோது அவளால் பேசக்கூட முடியவில்லை. கையைக் காற்றில் கையெழுத்துப் போடுவது போல ஆட்டிக் காட்டினாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் போய்விட்டாள்.

நாங்கள் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாமா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மாமியின் தம்பிதான் தாங்கமுடியாமல் அழுதுகொண்டிருந்தார். அக்கா கடைசிவரை வீடு வீடு என்றதையே சொல்லிச் சொல்லி அழுதார். சட்டென்று மாமாவின் பக்கம் திரும்பினார். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

"ஒரே ஒரு கையெழுத்து, அத்திம்பேர். கடைசி வரைக்கும் போட உங்களுக்கு மனசு வரலையே."

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். இனி யாருக்காக இதை மறைக்க வேண்டும்? மாமா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்பு அவரிடம் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை. பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"ஆமாம்டா. வரலை" என்றார்.